மனுதாரர் ஆவணம் நான்கு

அம்பத்தூர்,
14.7.1974

அன்புள்ள அண்ணனுக்கு,

செவ்வந்தி எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிட்டு, ஓடி, விழுந்து, எழுந்து நன்றாகவே இருக்கிறேன். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அம்சம் அண்ணி தைலம் தேய்த்துவிடுகிறார்களா, இல்லை இரண்டு பேரும் சண்டையில் இருக்கிறீர்களா?

அடுத்த ஞாயிறு எங்கள் போட்டிகள் தொடங்குகின்றன. பத்துக் கம்பெனிகளின் பெண்கள் அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடும் ஆட வேண்டும். முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்கள் தை பிறப்பதற்குள் கடைசி ஆட்டம் ஆடுவார்கள். அதில் ஜெயித்தால் எங்கள் பன்னிரண்டு பேரையும் வேலையில் நிரந்தரம் செய்வதாக நளினா ரேடியோ மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். தோற்றால் இன்னும் ஒரு வருஷம் இப்படியே தற்காலிகம்தான்.

காலையில் ரேடியோவுக்கு ஈயம் பற்றவைக்கிறேன். பிற்பகலில் பந்து. நாகப்பட்டினத்து ரசியா பேகம் என் பக்கத்துக் கட்டில். அவள் பந்தை எங்கிருந்து எறிந்தாலும் கூடைக்குள் விழுகிறது. நான் உயரம் என்பதால் கூடைக்கடியில் நிறுத்தியிருக்கிறார்கள். இடித்துத் தள்ளிப் பந்தைப் பிடுங்குவது என் வேலை. பந்திக்கு இடம் பிடித்த பழக்கம் கைகொடுக்கிறது.

நடவுக்கு ஆறு நாள் லீவு கேட்டிருக்கிறேன். தேதியை முன்கூட்டியே எழுதுங்கள்.

அண்ணியையும் பசுவையும் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் தங்கை,
செவ்வந்தி


பூவிளங்குடி,
2.8.1974

அன்புத் தங்கை செவ்வந்திக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். இடுப்பு பரவாயில்லை. அண்ணி தைலம் தேய்க்கிறாள். தேய்க்கும்போதே திட்டவும் செய்கிறாள். பசு கிடேரிக் கன்று போட்டது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். விழுந்து எழுந்தேன் என்று எழுதினால் இங்கே ஒருத்திக்குச் சோறு இறங்கவில்லை.

தண்ணீர் இன்னும் நம் கடைமடைக்கு எட்டவில்லை. வந்ததும் நாற்றங்கால் விட வேண்டும். புரட்டாசி பத்துக்கு மேல் நடவு வைக்கலாம் என்று நினைக்கிறேன். நீ கட்டாயம் வா. ஆள் குறைச்சலுக்காக மட்டும் சொல்லவில்லை. குத்தகைப் பதிவேட்டில் அந்த ஏழு மா நிலத்துக்கும் சாகுபடிதாரர் நீதான் என்பது உனக்கு நினைவிருக்கும். எழுபதில் கணக்கெடுக்க வந்தபோது அப்பா இறந்து மூன்று மாதம். நான் கூலிப் போராட்ட வழக்கில் திருச்சி ஜெயிலில். "இதுல யாரு பயிர் பண்றது?" என்று அதிகாரி கேட்டாராம். நீ நாற்றுமுடியைக் கீழே போடாமலே "நான்தான்" என்றாயாம். அன்றைக்கு நம் தெருவில் எத்தனையோ பேர் நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு அவர்களிடம் ஒரு குழி நிலம் கிடையாது.

பண்ணை இன்னும் அந்த ஏழு மாவைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது நீ வயலில் இறங்குவதை ஊர் பார்க்கட்டும்.

நன்றாக ஆடு. ஆனால் யாரையும் ரொம்ப இடிக்காதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
தங்கையன்


அம்பத்தூர்,
8.9.1974

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அண்ணியும் கிடேரிக் கன்றும் நலமா? கன்றுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லை.

நாலு ஆட்டத்தில் மூன்று ஜெயித்தோம். தோற்ற ஆட்டத்தில் நான் ஐந்து தடவை இடித்துவிட்டேன் என்று ரெஃப்ரி வெளியே அனுப்பிவிட்டார். உங்கள் புத்திமதி அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இத்துடன் ஒரு பத்திரிகைத் துண்டு வைத்திருக்கிறேன். போன வியாழக்கிழமை மாலைப் பேப்பரில் வந்தது. இரண்டு பேருக்கு மேலே எழும்பிப் பந்தைப் பிடிப்பது நான்தான். முகம் நன்றாகத் தெரிகிறது இல்லையா? ஆனால் அடியில் பார்த்தீர்களா, "நளினா ரேடியோ அணியின் எட்டாம் எண் வீராங்கனை" என்று போட்டிருக்கிறான். அப்பா வைத்த பெயர் என்னத்துக்கு இருக்கிறது! ரசியா சிரித்துச் சிரித்து இப்போது என்னை "எட்டு" என்றே கூப்பிடுகிறாள்.

அரைக்கால் சட்டையோடு இருக்கிறேனே என்று அனுப்ப யோசித்தேன். அப்புறம், நடவு வயலில் முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு நிற்கும்போது இல்லாத வெட்கம் இதில் என்ன என்று அனுப்பிவிட்டேன். அண்ணியிடம் காட்டுங்கள். வேறு யாரிடம் காட்டுவது என்பது உங்கள் இஷ்டம்.

லீவு கிடைத்துவிட்டது. செப்டம்பர் 28 காலை வந்து சேருவேன். லீவு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் "நடவு" என்று எழுதினேன். ஆபீஸில் இருக்கும் அம்மாள் "யார் வீட்டில் நாடகம்?" என்று கேட்டாள்.

உங்கள் தங்கை,
செவ்வந்தி


பூவிளங்குடி,
20.9.1974

அன்புத் தங்கைக்கு,

சுகம். உன் சுகம் படத்திலேயே தெரிகிறது. கன்றுக்கு அண்ணி ராணி என்று பெயர் வைத்திருக்கிறாள். அது அப்படித்தான் நடந்துகொள்கிறது.

படத்தை அண்ணியிடம் மட்டுமா காட்டினேன்? அரிசிக் கஞ்சியில் பசை காய்ச்சி, நம் விவசாயத் தொழிலாளர் சங்கக் கொட்டகைச் சுவரில் எல்லோர் கண்ணும் படுகிற இடத்தில் ஒட்டிவிட்டேன். தெருவே திரண்டு வந்தது. நீலாம்பாள் பெரியம்மா "என்னடி இது, பறக்குறா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அரை நாழிகை நின்றாள். நம் தெருப் பெண்ணைப் பத்திரிகையில் போட்டது இதுவரை போராட்டத்தில் அடிபட்டதற்காக மட்டும்தான். அதனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுதுகிறதற்கு என்ன, வந்தது.

நேற்றுப் பண்ணைக் காரியக்காரர் பஞ்சநதம்கூட கொட்டகை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "நம்ம இளையபெருமாள் மகளா இது?" என்றார். "ஆமா, என் தங்கச்சிதான்" என்றேன். "பேஷ், மெட்ராஸ்ல உத்தியோகமா?" என்று கேட்டுவிட்டு, அடியில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார். அந்த மனுஷன் நம் வீட்டைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்லை.

நாற்று நன்றாக வந்திருக்கிறது. 28-ந் தேதி பஸ்ஸுக்கு நானே வருகிறேன்.

உன் அண்ணன்,
தங்கையன்


அம்பத்தூர்,
16.10.1974

அன்புள்ள அண்ணனுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, கால் மட்டும் என்னுடையதாக இல்லை. இரண்டு காலிலும் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். ஒன்றரை வருஷம் ஷூவுக்குள் இருந்த கால் சேற்றை மறந்துவிட்டது போலிருக்கிறது. அண்ணி கொடுத்தனுப்பிய மருதாணியை அரைத்துப் போட்டேன். ரத்தம் நின்றது, எரிச்சல் நிற்கவில்லை.

ஷூ போட முடியாமல் இரண்டு ஆட்டம் வெளியே உட்கார்ந்தேன். ஒன்றில் தோற்றோம். கோச் சார் கம்பெனி டிஸ்பென்சரிக்கு அனுப்பினார். டாக்டரம்மாவிடம் ஷூ கடித்துவிட்டது என்று முதலில் புளுகினேன். அவர் என் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஷூ இப்படியா கடிக்கும்? நான் திருக்கடையூர்க்காரி" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சீட்டில் அப்படியே எழுதிவிட்டார். அறையில் மற்ற பெண்கள் என் செருப்பைத் தள்ளி வைத்தார்கள், ஒட்டுவாரொட்டி என்று பயந்து. ரசியா மட்டும் தன் செருப்பைப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டாள்.

ஒன்று கேட்க வேண்டும். நான் வந்திருந்தபோது கொட்டகைச் சுவரில் படம் இல்லையே. ஒட்டியிருந்த இடத்தில் சதுரமாக மண் பெயர்ந்திருந்தது. மழையில் விழுந்துவிட்டது என்றீர்கள். அந்த ஆறு நாளும் ஒரு தூறல்கூட இல்லை, நான் வந்து இறங்கியபோதே தெரு மண் காய்ந்துதான் கிடந்தது. சுவரில் அந்த இடத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்தது.

உங்கள் தங்கை,
செவ்வந்தி


பூவிளங்குடி,
5.11.1974

செவ்வந்திக்கு,

சுகம். கால் ஆறியதா?

பயிர் பச்சை பிடித்துவிட்டது. முதல் களை எடுத்தாயிற்று.

இனிமேல் பத்திரிகைக்காரர்கள் வந்தால் படம் எடுக்க விடாதே. பெயரும் ஊரும் சொல்லாதே. எட்டாம் எண் என்று போட்டானே, அதுவே போதும். தீபாவளிக்கு ஊருக்கு வர வேண்டாம். பஸ்ஸில் கூட்டம் அதிகம் இருக்கும்.

ஏன் என்று கேட்காதே.

தங்கையன்


அம்பத்தூர்,
15.11.1974

அண்ணனுக்கு,

கால் ஆறிவிட்டது. தீபாவளிக்கு விடுதியில் நானும் ரசியாவும் சமையல்காரம்மாவும்தான் இருந்தோம். பஸ்ஸில் கூட்டம் இருந்ததா என்று பார்க்க முடியவில்லை.

ஏன் என்று கேட்காதே என்றால் எப்படிக் கேட்காமல் இருப்பது? எனக்கே தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். தெருவில் யாரோ பேசியிருக்கிறார்கள். வயதுக்கு வந்த பெண் அரைக்கால் சட்டையோடு ஆம்பளைகள் பார்க்கக் குதிக்கிறாள், இவளை யார் கட்டுவான் என்று. அதைக் கேட்டு நீங்களே படத்தைக் கிழித்துவிட்டு மழைமேல் பழி போட்டீர்கள். அதுதானே?

மேடையில் பெண்விடுதலை பேசுகிற என் அண்ணன் இப்படிச் செய்வார் என்று நான் நினைக்கவில்லை. போலீஸ் அடித்தபோதுகூட நீங்கள் குனியவில்லை என்று ஊரே சொல்லும். நாலு பேர் வாய்க்குக் குனிந்துவிட்டீர்கள்.

இதுவரை வந்த உங்கள் கடிதத்திலெல்லாம் அடியில் "உன் அண்ணன்" என்று இருக்கும். இந்தத் தடவை வெறும் தங்கையன். அதையும் பார்த்தேன்.

ஏழு ஆட்டத்தில் ஐந்து ஜெயித்திருக்கிறோம். உங்களுக்கு வேண்டுமானால் தெரிந்துகொள்ளுங்கள்.

செவ்வந்தி


அம்பத்தூர்,
12.12.1974

அண்ணனுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. அண்ணியும் ராணியும் நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். வேறு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

நேற்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். என் பெயருக்குத் தாலுகா ஆபீஸிலிருந்து பதிவுத் தபால், கம்பெனி முகவரிக்கு. பண்ணை மனுப் போட்டிருக்கிறது. நான் மெட்ராஸில் பந்து விளையாடிச் சம்பளம் வாங்குகிறேன், பயிர் செய்யவில்லை, அதனால் ஏழு மாவுக்கும் பதிவேட்டிலிருந்து என் பெயரை அடிக்க வேண்டும் என்று. ஆதாரமாக என் படம். "மனுதாரர் ஆவணம் நான்கு" என்று அதற்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஜனவரி 11 காலை நான் நேரில் வர வேண்டுமாம்.

கூடவே அக்டோபர் 25-ல் நீங்கள் கொடுத்த வாக்குமூலத்தின் நகலும் இருந்தது. இரண்டாம் பக்கத்தை நான் மனப்பாடமாகவே சொல்வேன். "மேற்படி ஆவணத்தில் கண்ட பெண் என் தங்கை அல்ல. அவள் யாரென்று எனக்குத் தெரியாது. சொல்வதெல்லாம் சத்தியம்."

உங்களைத் தப்பாக நினைத்துப் போன மாதம் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நிலத்துக்காகத்தான் சொன்னீர்கள் என்று புத்திக்குப் புரிகிறது. ஆனால் படித்தபின் பிற்பகல் கையில் பந்தே நிற்கவில்லை. அரைக்கால் சட்டைக்காக வெட்கப்பட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது அண்ணே. வெட்கப்பட்டாலும் தங்கை தங்கைதானே.

எனக்கு ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

செவ்வந்தி


பூவிளங்குடி,
20.12.1974

அன்புத் தங்கைக்கு,

இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம். மனசைக் கேட்காதே.

எல்லாம் சொல்லிவிடுகிறேன். படத்தைப் பஞ்சநதம்தான் ஆள் வைத்து எடுத்துப்போனார். கஞ்சிப் பசை நன்றாகப் பிடித்துவிட்டதால் மண்ணோடு பெயர்த்திருக்கிறார்கள். நீ நடவுக்கு வருவதற்கு நாலு நாள் முன்பு அது நடந்தது. எதற்கென்று அப்போது புரியவில்லை. அந்த ஆறு நாள் நீ சிரித்துக்கொண்டு நாற்று நட்டாய், நான் வாயை மூடிக்கொண்டேன்.

நோட்டீஸ் வந்தபோது திருவாரூர் வக்கீலைக் கேட்டிருக்க வேண்டும். அவர் அன்றைக்கு வருவதாகத்தான் இருந்தது, பஸ் தாமதம். அதற்குள் என்னைக் கூப்பிட்டு நிறுத்திப் படத்தைக் காட்டி "இது யாரு?" என்றார்கள். பண்ணையார் எதிரில் உட்கார்ந்திருந்தார். உன் பெயரைச் சொன்னால் நிலம் போய்விடும் என்று மட்டும்தான் அந்த நிமிஷம் தோன்றியது. சொல்லிவிட்டேன். வெளியே வந்து பசுமாட்டுத் தண்ணீர்த்தொட்டியில் முகத்தைக் கழுவினேன். மூன்று தடவை ஜெயிலுக்குப் போயிருக்கிறேன், அப்படி ஒரு நாள் பார்த்ததில்லை. உனக்கு எழுத உட்காருவேன், "உன் அண்ணன்" என்று போட வரும்போது கை ஓடாது.

இப்போது அதிகாரி, படத்தில் இருப்பது அவள் இல்லை என்றால் அவளைக் கூட்டி வா என்கிறார். நீ சேலை கட்டி வந்து நின்று, "அது நான் இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது என்று சங்கத்தில் சொல்கிறார்கள். பதினொன்றாம் தேதிதான் உங்கள் போட்டிகளின் கடைசி ஆட்டமும் என்று பேப்பரில் பார்த்தேன்.

வா என்று எழுதவும் முடியவில்லை. வராதே என்று எழுதவும் முடியவில்லை. கதிர் வெளியே வந்துவிட்டது, பால் பிடிக்கிறது. அதைப் பார்க்காமல் இருந்தால் தேவலை போலிருக்கிறது.

தங்கையன்

நாத்தனாருக்கு அம்சம் எழுதுறது. ஒங்க அண்ணன் அன்னைலேருந்து கொட்டகைப் பக்கமே போறதில்ல. அந்தச் சொவத்தப் பாக்க மாட்டேங்குறார்.


அம்பத்தூர்,
2.1.1975

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் ரசியாவும் நலம். கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். நீங்களும் அண்ணியும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பத்து நாள் யோசித்தேன். நான் வரவில்லை. ஆட்டத்துக்காக மட்டும் இல்லை. ஆட்டமே இல்லாவிட்டாலும், அந்தப் படத்தைக் கையில் வாங்கி "அது நான் இல்லை" என்று என்னால் சொல்ல முடியாது. அந்தப் பந்துக்கு எழும்ப நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்த நாற்று நடப் பட்ட பாடும் தெரியும். ஒன்றை இல்லையென்று சொல்லித்தான் இன்னொன்றை வைத்துக்கொள்ள வேண்டுமா? எழுபதில் அதிகாரி கேட்டபோது நான்தான் என்றேன். இப்போதும் அதையேதான் சொல்ல முடியும்.

இத்துடன் மூன்று காகிதம். ஒன்று, லீவு விண்ணப்பத்தின் நகல்; "நடவு" என்று என் கையெழுத்து, மேனேஜர் கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கிறது. இரண்டு, டிஸ்பென்சரி சீட்டு. "நடவு வயலில் நின்றதால் இரு காலிலும் சேற்றுப்புண்" என்று டாக்டரம்மா எழுதியது. வெட்கத்தில் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். மூன்று, இங்கே ஒரு வக்கீல் முன்னால் நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம். படத்தில் இருப்பது நான்தான், பதிவேட்டில் இருப்பதும் நான்தான், லீவு போட்டு வந்து நடவு செய்கிறேன், மற்ற நாளில் என் அண்ணன் பார்க்கிறார்.

இதைக் கொடுத்தால் நீங்கள் சத்தியம் செய்து சொன்னது பொய்யாகிவிடும். கேஸ் வரலாம். அது எனக்குத் தெரியும், அதனால்தான் நேராக ஆபீஸுக்கு அனுப்பாமல் உங்களுக்கு அனுப்புகிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் கையில். கொடுக்காவிட்டாலும் கோபப்பட மாட்டேன். வருத்தப்படுவேன், அதை மறைக்கவில்லை.

உங்கள் தங்கை,
செவ்வந்தி


பூவிளங்குடி,
13.1.1975

அன்புத் தங்கை செவ்வந்திக்கு,

அண்ணன் எழுதுவது. அண்ணியும் ராணியும் நானும் சுகம். இடுப்பு வலிகூட இல்லை.

சனிக்கிழமை காலையில் போனேன். வக்கீலிடம் காகிதங்களைக் காட்டினேன். அவர் முதல் இரண்டைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். மூன்றாவதைப் படித்துவிட்டு, "இதக் குடுத்தா நீங்க உள்ள போவீங்க, தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன்.

கூப்பிட்டதும் மூன்றையும் மேசைமேல் வைத்தேன். "அன்னிக்கு நான் சொன்னது பொய்ங்க. படத்துல இருக்குறது என் தங்கச்சிதான்" என்றேன். பண்ணை முகத்தை நான் பார்க்கவில்லை. பஞ்சநதம் இருமினார். அதிகாரி சேற்றுப்புண் சீட்டை இரண்டு தடவை படித்தார். தேதியை லீவு விண்ணப்பத்தோடு ஒத்துப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்ன கேட்டார் தெரியுமா? "ஏன்யா, சாகுபடிதாரரோ, குடும்பத்துல ஒருத்தரோ வயல்ல பாடுபட்டாலே போதும்னு சட்டத்துலயே இருக்கு. ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவங்க மெட்ராஸ்ல இருந்தா என்ன? நீ எதுக்குய்யா பொய் சொன்னே?"

எத்தனை கூட்டத்தில் அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன். என் வீட்டு வாசலுக்கு வந்தபோது அது ஞாபகம் வரவில்லை, பயம்தான் வந்தது. நீ என் தங்கை என்று சொல்லியிருந்தாலே நிலம் நின்றிருக்கும். தங்கை இல்லை என்று சொன்னதால்தான், அப்படியானால் அவளைக் கூட்டி வா என்று வந்து, போக இருந்தது. ஒன்றுக்கும் ஆகாத பொய்க்காக உன்னை இரண்டு மாதத்துக்கு மேல் அழ வைத்தேன்.

மனுவைத் தள்ளிவிட்டார். பதிவேட்டில் உன் பெயர் அப்படியே இருக்கிறது. என்மேல் பொய்ச் சத்தியத்துக்கு மாஜிஸ்திரேட்டுக்கு எழுதுவேன் என்றிருக்கிறார். எழுதட்டும். இந்த முறை செய்த குற்றத்துக்காகப் போகிறேன். பொங்கல் கழித்து அறுப்பு. நான் இல்லாவிட்டால் நீ வந்து நிற்க வேண்டியிருக்கும். அண்ணி தனியாக முடியாது.

நீங்கள் மூன்று புள்ளியில் தோற்றதை நேற்று டீக்கடைப் பேப்பரில் படித்தேன். இன்னும் ஒரு வருஷம் தற்காலிகம் என்பது எனக்குத் தெரியும். உன் பெயர் போட்டிருந்தான். இ. செவ்வந்தி, இருபத்திரண்டு புள்ளி. டீக்கடையில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். படம் இல்லை.

ஆபீஸை விட்டு வரும்போது அந்தப் படத்தைத் திருப்பிக் கேட்டேன். கிளார்க் கேஸ் கட்டைப் பிரித்துக் காட்டினார். பின்பக்கம் நம் கொட்டகை மண் காய்ந்து அப்படியே ஒட்டியிருக்கிறது. கேஸ் கட்டோடு சேர்ந்த ஆவணம் திரும்ப வராதாம்.

அதனால் வேறு ஒரு படம் அனுப்பு. நேற்று அந்தச் சுவரைச் சாணி போட்டு மெழுகிவிட்டேன், இடம் காய்ந்து இருக்கிறது. பத்திரிகைக்காரன் அடியில் என்ன போட்டிருந்தாலும் சரி. அதைக் கத்தரித்துவிட்டு, அது யார் என்று என் கையால் எழுதி ஒட்டிவிட்டுத்தான் ஜெயிலுக்குப் போவேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
தங்கையன்